வாடையும் மனையும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் கூதிரும் இருபனியும் ஆகிய மூன்றும் குளிருக்கு உரியன. வெயிலுக்குப் பேர்போன நாட்டில் வாழ்ந்த மக்கள் ஆண்டின் சரிபாதியைக் குளிரோடு சார்த்தி எண்ணினர் என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது. அவர்கள் குளிரை அறியாதவர் அல்லர். அதற்கு ஏற்ப மனையை மாற்றி அமைக்கும் முறையையும் அறிந்திருந்தனர். கங்கைக் கரையில் குடியேறிய நாம் அம்முறையைப் பெரும்பாலும் வங்க மக்களிடமிருந்தே கற்றோம். ஆயினும் கற்றவை எல்லாம் நமக்கு முற்றிலும் புதியனவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையில் சனவரி இரவின் சராசரி வெப்பம் 21 செல்சியஸ் பாகை அளவில் நிற்கிறது. கொல்கத்தாவில் அது 14 பாகைக்கு இறங்குகிறது. தில்லியிலும் சிம்லாவிலும் வாழ்வோர் இதனைக் கேட்டு நகைக்கலாம். எனினும் இந்த ஏழு பாகை வேறுபாடு ஒரு குடும்பத்தின் உறக்கம், உணவு, நீராடல், முதியோர் நலம் ஆகிய அனைத்தையும் மாற்ற வல்லது. மாக மாதக் குளிர் புலியின் உடம்பையும் தாக்கும் என்பது வங்காளிகளின் பழமொழி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பழமொழி. மாகம் என்ற பெயர் மாசியை நினைவூட்டினாலும், வங்கக் கணக்கில் அது நம் தைத் திங்களே ஆகும். நாம் பொங்கலிடும் நாளையொட்டி அவர்கள் பௌஷ சங்கராந்தி கொண்டாடுகின்றனர். அதனை அடுத்து மாகம் பிறக்கிறது. பெயர் வேறாயினும் பனி ஒன்றே.

பாயோடு வந்த குடும்பங்கள்

1911ஆம் ஆண்டு வரை கல்கத்தா இந்தியாவின் தலைநகராக விளங்கியது. அரசின் கணக்கு அலுவலகங்களும், கார்டன் ரீச்சில் தலைமையகம் கொண்டிருந்த வங்காள நாகபுரி இரயில்வேயும், துறைமுகமும், வணிக நிறுவனங்களும் ஆங்கிலக் கல்வி பெற்ற தமிழர்களை ஈர்த்தன. 1906 டிசம்பரில் தாதாபாய் நௌரோஜி தலைமையில் நடந்த காங்கிரசு மாநாட்டிற்குப் பாரதியார் வந்ததும் இந்நகரின் குளிர்காலத்திலேதான். மறு ஆண்டில் சி. வி. இராமன் நிதித்துறை அதிகாரியாக வந்து, 1933 வரை இங்கே வாழ்ந்தார். பின்னர் நகரின் தென்பகுதி விரிந்தபோது, ராஷ்பிகாரி அவென்யூ, லேக் மார்க்கெட் ஆகியவற்றைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. கறிவேப்பிலையும் வாழையிலையும் அங்காடிக்கு வந்தன. பள்ளியும் சபாவும் உணவகமும் தோன்றின.

இவ்வாறு வந்தோர் கொணர்ந்த பொருள்களுள் குளிருக்கென அமைந்தது ஒன்றுமில்லை. பித்தளைப் பாத்திரங்கள், இட்லிக் கொப்பரை, கோரைப் பாய், மெல்லிய பருத்திப் போர்வை ஆகியவையே பெட்டியில் இருந்தன. பத்தமடைப் பாயின் பெருமை அதன் குளிர்ச்சி. அந்தப் பெருமையே கல்கத்தாவின் மார்கழியில் குறையாகிவிட்டது. பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரை கோடையில் காலுக்கு இதமானது. பனிக்காலத்திலோ அதில் பாய் விரித்துப் படுப்பவரின் உடற்சூட்டை அது விடியும்வரை ஈர்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே தரையைவிட்டு மேலேறுவதே குளிருக்கு நாம் செய்த முதல் ஏற்பாடு. தக்தபோஷ் எனப்படும் வங்காளப் பலகைக் கட்டில் தமிழர் வீட்டில் நுழைந்தது. கட்டிலின்கண் தோஷக் எனும் பஞ்சு மெத்தையும், அதன்மேல் லேப் எனும் பஞ்சுப் போர்வையும் இடம்பெற்றன. பகலில் கால் வைக்கும் இடங்களில் சதரஞ்சி விரிப்பு வந்தது.

நெடுநல்வாடை காட்டும் மனை

இவற்றை எல்லாம் அயலார் வழக்கம் என்று எண்ணுவோர் பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையைப் படித்தல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டில் பதிப்பித்த பிறகே இப்பாட்டு பலரும் படிக்கக் கிடைத்தது. நக்கீரர் பாடிய 188 அடிகளில், வாடைக் காற்று வீசும் கூதிர்க்கால நள்ளிரவும், பாசறையில் உள்ள தலைவனைப் பிரிந்த அரசியின் துயரும் கூறப்படுகின்றன. அத்துயரைச் சொல்லப் புகுந்த புலவர், குளிருக்காக ஒரு நகரத்து மனைகள் எவ்வாறு மாறின என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கிறார்.

கோடையில் வீசிய வட்ட விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகிறது. அதன்மேல் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. மேல்மாடத்தில் வேனிற்காலப் படுக்கையறைக்குத் தென்றலைக் கொணரும் பலகணிகளின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. குறுகிய வாயுடைய கலத்தின் குளிர்ந்த நீரைப் பருகுவார் இல்லை. அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பினருகே எல்லோரும் குளிர்காய்கின்றனர். தடவு என்பது கணப்புச் சட்டி. மகளிர் மலர் மாலையைத் தவிர்த்து, அகிலைப் புகைத்துக் கூந்தலுக்கு மணமூட்டுகின்றனர். குளிரால் யாழ் நரம்பின் இனிய ஓசை திரிந்துவிட, ஆடல் மகளிர் அதைத் தம் மார்பின் வெம்மையால் தடவிச் சீர்செய்கின்றனர். வடநாட்டார் தந்த சந்தனக் கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் பயன்படுவாரின்றி ஒருங்கே கிடக்கின்றன.

இவ்விறுதிக் காட்சி வடநாட்டில் வாழும் தமிழராகிய நமக்குத் தனிச்சுவை தருவது. வடக்கின் கல்லும் தெற்கின் சந்தனமும் ஒரே வீட்டில் இருந்தன. ஒரே குளிர் அவ்விரண்டையும் ஓய்வெடுக்கச் செய்தது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மறத்தல் ஆகாது. நக்கீரர் காட்டுவது மழையோடு கூடிய கூதிர்க் குளிர். ஈரம் அதன் இயல்பு. கொல்கத்தாக் குளிரோ மழை நீங்கிய பின்னர் வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்றின் குளிர். உதடும் குதிகாலும் வெடிப்பது அதனால்தான். கூதிரில் நெருப்பு தேவைப்பட்டது. இந்நகரில் வெயில் போதும். இந்த உண்மையை உணர்ந்தே வங்காளத்தின் பழைய வீடுகள் அமைந்தன.

தெற்கு நோக்கிய வீடு

வங்காளிகள் வாடகைக்கு வீடு தேடும்போது அது தெற்கே திறந்த வீடா என்று முதலில் கேட்பார்கள். கோடைக் காற்றுக்காக மட்டும் கேட்கும் கேள்வி அன்று அது. கொல்கத்தா ஏறத்தாழ 22½ பாகை வட அட்சக்கோட்டில், கடகக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. சூன் மாத நண்பகலில் கதிரவன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். ஆதலால் தெற்குச் சாளரத்தின் வழியே வெயில் உள்ளே புகாது. டிசம்பர் இறுதியிலோ நண்பகற் கதிரவன் தென்வானில் 44 பாகை உயரத்தில் சாய்ந்து நிற்கும். அப்போது மேல்விளிம்பு ஏழடி உயரத்தில் உள்ள சாளரத்தின் வழியே, மறைப்பு ஏதும் இல்லையாயின், வெயில் ஏழடிக்குச் சற்று மிகையாகவே அறைக்குள் நீளும். ஆகவே தெற்கே திறந்த வீடு கோடையில் காற்றையும் பனிக்காலத்தில் வெயிலையும் பெறும். விறகும் கரியும் இன்றி வீட்டைச் சூடாக்கும் வழி இது.

நெடுநல்வாடையிலும் இதன் அடிப்படை காணப்படுகிறது. அரசியின் அரண்மனையை வகுத்த நூலறிந்தோர் நண்பகலில் இரு கோல்களின் நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு மனை அளந்தனர் என்கிறார் நக்கீரர். திசையறியாமல் வீடு கட்டுவதில்லை என்பது இரு நாட்டார்க்கும் பொதுவான நெறி. நாம் தென்றல் என்றும் வாடை என்றும் பெயரிட்டதையே அவர்கள் தெற்குக் காற்று என்றும் வடக்குக் காற்று என்றும் வழங்குகின்றனர். ஒன்று இளவேனிலைக் கொணர்வது. மற்றொன்று உடலை நடுக்குவது.

பழைய கல்கத்தா வீடுகளின் மரச் சாளரங்களில் சாய்ந்த பலகைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வங்காளத்தில் அவற்றைக் கொர்க்கொரி என்பர். நடுவில் உள்ள ஒரு கோலை மேலும் கீழும் அசைத்தால் பலகைகள் திறக்கும், மூடும். குளிர்காலத்தில் வடபுறத்துப் பலகைகள் மூடப்படும். தென்புறத்துச் சாளரம் காலை முதல் பிற்பகல்வரை திறந்திருக்கும். வெயில் இறங்கியதும், பகலில் பெற்ற சூடு வெளியேறாதபடி அதுவும் சாத்தப்படும். மாலையில் சாத்துவதை இரவு எட்டு மணிக்குச் செய்தால் பயனில்லை. இந்நேரக் கணக்கை அடுத்த வீட்டு வங்காளி அம்மாக்களிடமிருந்தே நம் இல்லத்தரசியர் கற்றனர்.

இந்நகரத்துப் பனிக்கால வெயிலுக்கு அறிவியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக் கழகத்தில், கதிரவன் ஒளியைக் குவித்தே தம் சோதனைகளைத் தொடங்கினர். பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. நம் பாட்டிமார் லேப்பை உலர்த்திய அதே வெயில் அவ்வாய்வுக்கும் துணைநின்றது எனலாம்.

வில்லும் பஞ்சும்

துர்க்கை பூசையும் காளி பூசையும் முடிந்த பிறகு, தெருவில் ஒரு நரம்பொலி கேட்கும். துனுரி வருகிறார் என்று பொருள். தோளில் பெரிய வில்லும் கையில் மரக்கட்டையும் கொண்டு வரும் பஞ்சு கொட்டுவோரை அங்கே துனுரி என்பர். மொட்டை மாடியில் பழைய லேப்பைப் பிரித்து, கட்டி தட்டிய பஞ்சின் நடுவே வில்லின் நாணை வைத்துக் கட்டையால் அடிப்பார். நாண் அதிர அதிரப் பஞ்சு நுரைபோலப் பொங்கும். அதைச் சிவப்புச் சாலுத் துணிக்குள் பரப்பி, பஞ்சு இடம்பெயராதபடி நீண்ட தையல் இடுவார். அவர் பஞ்சிற்கு அளிப்பது காற்றே. பஞ்சு தானாகச் சூட்டைத் தருவதில்லை. இழைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று நம் உடற்சூட்டை வெளியேறாமல் காக்கிறது. இறுகிய பஞ்சில் காற்றுக்கு இடமில்லை. பழைய லேப் குளிர்வதற்கும் வில்லடித்த லேப் கதகதப்பதற்கும் காரணம் இதுவே.

இத்தொழிலும் நம் இலக்கியம் அறிந்ததே. கடல் அலையிலிருந்து தெறிக்கும் பிசிரை வில்லால் அடித்த பஞ்சுக்கு ஒப்பிடுகிறது நற்றிணைப் பாட்டு ஒன்று. நெடுநல்வாடை அரசியின் கட்டிலில் அன்னத்தின் மெல்லிய தூவி பரப்பிய அணை இருந்தது. அரசிக்கு அன்னத் தூவி. நமக்கு இலவம் பஞ்சும் பருத்தியும். வேறுபாடு பொருளில் இருக்கிறதே தவிர முறையில் இல்லை.

லேப்புக்கு வசதியற்ற வீட்டிலும் காந்தா இருந்தது. உடுத்து நைந்த புடைவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓடு தையல் இட்டு ஆக்கிய போர்வை அது. வங்காளப் பெண்கள் அதன்மேல் தாமரையும் யானையும் தேரும் தைத்தனர். அக்கலையின் அருமையை உணர்ந்து ஊர் ஊராகச் சென்று காந்தாக்களைத் திரட்டியவர் குருசதய் தத்தர் (1882-1941). அத்தொகுப்பு நகரின் தென்கோடியில் ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. காந்தா என்ற சொல்லும் நம் கந்தை என்ற சொல்லும் ஒரு மூலத்தின. நாம் கந்தை என்று ஒதுக்கியதை அவர்கள் காந்தா என்று போற்றினர். தமிழ் வீடுகளிலும் பழம்புடைவையை மடித்துக் குழந்தைக்கு விரிப்புத் தைக்கும் வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். ஆகவே காந்தா தைக்கும் அயலாரைக் கண்டு நம் பாட்டிமார் வியந்தது தையலையன்று, அதன் ஓவியத்தையே.

கம்பளி உடைகளைக் காப்பதிலும் வங்காளிகளின் முறை நுட்பமானது. பாத்திர மாதத்து, அதாவது நம் ஆவணித் திங்களின் கடுவெயிலில் பெட்டியைத் திறந்து துணிகளை உலர்த்துவர். வேப்பிலையும் கருஞ்சீரக முடிச்சும் இட்டுத் திரும்ப அடுக்குவர். பின்னாளில் அந்துருண்டை அவற்றின் இடத்தைப் பிடித்தது. புதிய ஆடைக்கு, வீடு வீடாக வந்து தவணைக்குக் கொடுத்த காசுமீரச் சால்வை வணிகரும், வெலிங்டன் சதுக்கத்தில் குளிர்தோறும் கடை விரித்த திபெத்தியரும் இருந்தனர்.

சமையலறையின் குளிர்காலம்

மனை என்பது மனிதருக்கு மட்டும் அன்று; மாவுக்கும் மோருக்கும் உரியது. குளிரில் இட்லி மாவு பொங்காது, பால் உறையாது, தேங்காய் எண்ணெய் மட்டும் உறையும். புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு 30 பாகையை ஒட்டிய வெம்மை வேண்டும். 14 பாகையில் அவை ஏறக்குறைய உறங்கிவிடும். எனவே மாவுப் பாத்திரத்திற்குக் கம்பளி சுற்றி, அணைந்த அடுப்பின் அருகே வைப்பது நம் வீடுகளில் வழக்கமாயிற்று. தயிர்க் கிண்ணம் அரிசிப் பானைக்குள் புதைந்தது. 24 பாகைக்குக் கீழே இறுகும் தேங்காய் எண்ணெய்ப் புட்டி காலை வெயிலில் தெற்குச் சாளரத்தில் நின்றது. நல்லெண்ணெய் அவ்வாறு உறைவதில்லை. சனி நீராட்டு தடைப்படவில்லை. வெடித்த உதட்டிற்கு, 1929ஆம் ஆண்டில் இந்நகரில் பிறந்த போரோலின் தமிழர் வீட்டு மாடத்திலும் இடம்பெற்றது.

புகையும் மூடிய அறையும்

குளிருக்கு மனையை ஆயத்தம் செய்வதில் அழகும் சுவையும் மட்டும் இல்லை, உயிரும் அடங்கியுள்ளது. ராணிகஞ்ச் நிலக்கரி அருகிலேயே கிடைத்ததால், கல்கத்தா வீடுகளின் உனுன் எனும் அடுப்புகள் நெடுங்காலம் கரியால் எரிந்தன. பனிக்கால மாலையில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன்மேல் உள்ள காற்று அதைவிட வெம்மையாக இருந்து ஒரு மூடியைப்போல் அமையும். ஆயிரமாயிரம் அடுப்புகளின் புகை மேலேற வழியின்றித் தெருக்களில் தேங்கும். ஆலைகளின் உலைப்புகையைக் கட்டுப்படுத்த 1905ஆம் ஆண்டிலேயே வங்காளத்தில் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு அடுப்பின் புகைக்கு விடிவு வரத் தொடங்கியது 1965 அக்டோபரில். இண்டேன் சமையல் எரிவாயு முதன்முதலாக இந்நகரிலேதான் வழங்கப்பட்டது.

புகை குறைந்தது, ஆனால் புகையினும் கொடியது ஒன்று எஞ்சியது. எரியும் கரியைச் சட்டியில் இட்டு, கதவையும் சாளரத்தையும் அடைத்துப் படுத்துறங்கியவர்கள் காலையில் எழாத செய்தி வடநாட்டில் குளிர்தோறும் வருகிறது. காற்றுப் போதாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு எனும் வளி தோன்றும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிவாகப் பிணையும். தலை கனக்கும்; உறக்கம் வரும்; உறக்கமே முடிவாகும். குளியலறையில் பொருத்திய எரிவாயு வெந்நீர்க் கருவியும், காற்று வெளியேற வழியில்லையாயின், இதே நஞ்சை உமிழும்.

நெடுநல்வாடையின் தடவு இங்கே நமக்கு வழிகாட்டி ஆகாது. அது மாடமும் முற்றமும் அகன்ற வளமனைகளின் நெருப்பு. நாம் வாழ்வது பத்தடிக்குப் பத்தடி அறையில். அங்குப் பலரும் கூடி விழித்திருந்து குளிர்காய்ந்தனர். இங்கு ஒருவர் கதவடைத்து உறங்குகிறார். முன்னோர் மரபைப் போற்றுவது என்பது அதன் பொருளை உணர்ந்து இடத்திற்கேற்பக் கொள்வதேயாகும். வடக்கை அடைக்கலாம், எல்லாத் திசையையும் அடைத்தல் கூடாது. நெருப்புள்ள அறையில் காற்றுக்கு ஒரு வழி என்றும் திறந்திருக்க வேண்டும். வெம்மையைப் போர்வையில் தேடுவதே நன்று. உறங்கும் அறையில் கரியிலும் கணப்பிலும் தேடுவது தகாது.

வழிவழி வரவேண்டிய அறிவு

பழைய வீடுகள் பல இடிந்து, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கொர்க்கொரி இருந்த இடத்தில் கண்ணாடி வந்தது. துனுரியின் நரம்பொலியும் அருகி வருகிறது. ஆலையில் செய்த மெல்லிய போர்வைகள் கடைகளில் குவிந்துள்ளன. இவற்றைக் குறை கூறிப் பயனில்லை. ஆயினும் திசையறியும் அறிவு வீட்டோடு இடிந்து போதல் ஆகாது. கார்த்திகை தீபம் ஏற்றும் நாளுக்குள் லேப்பை வெயிலில் இடுதல், முதியோரின் கட்டிலை வடபுறச் சுவரிலிருந்து நகர்த்தித் தெற்கு வெயிலில் இடுதல், மாலை நான்கு மணிக்குச் சாளரம் சாத்துதல் ஆகியவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. பனிக்காலத்தில் ஊரிலிருந்து பேரக் குழந்தைகளைக் காண வரும் தாத்தா பாட்டியருக்கு இவையே காப்பாகும்.

மனையுள்ளோர் மனையை ஆயத்தம் செய்கின்றனர். மனையே இல்லாதோர் இந்நகரின் நடைபாதைகளில் மார்கழியைக் கழிக்கின்றனர். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை அளித்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் பாடிய மரபு நம்முடையது. மயிலுக்குப் போர்வை தேவையா என்று அவன் ஆராயவில்லை. நடைபாதையில் உறங்குவோர்க்கு அது தேவை என்பதில் ஐயமே இல்லை. புதிய லேப் வாங்கும் ஆண்டில் பழையதைப் பெட்டியில் அடைக்காமல் அவர்களுக்கு ஈவது, வாடைக்கு நம் மனையை ஆயத்தம் செய்யும் பணியின் நிறைவுப் பகுதியாக அமையட்டும்.